கம்பியும் காலமும் – 23: காயம் எங்கே என்று கம்பியே சொன்ன ஊர்

சென்ற இதழில் 2003 ஆகஸ்ட் 14 மாலையோடு நிறுத்தியிருந்தோம். அமெரிக்காவின் எட்டு மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் பாதிக்கப்பட்டு, சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்த மாலை அது. ஒஹாயோவில் சுமை தாங்காமல் தொய்ந்த உயர் அழுத்தக் கம்பிகள் மரங்களைத் தொட்டன. அப்போது கட்டுப்பாட்டு அறையில் அலற வேண்டிய எச்சரிக்கை மென்பொருள் அதற்குச் சற்று முன்பே செத்துக் கிடந்தது. கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருக்க, பணியில் இருந்தவர்கள் திரையில் எல்லாம் நலம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரும் கோபுரங்களில் ஓடும் கம்பிக்கே அந்தக் கதி என்றால், தெருக்கம்பத்துக் கம்பியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 20ஆம் நூற்றாண்டு முழுவதும், உலகின் மிகப் பெரும்பாலான ஊர்களில், ஒரு தெரு இருண்டுவிட்டது என்ற செய்தியை மின்நிலையத்துக்குக் கொண்டுபோனது அந்தத் தெருக்காரரின் தொலைபேசிதான். துணைமின்நிலையத்தில் ஒரு ஃபீடரின் பிரேக்கர் டிரிப் ஆனது தெரியும். ஆனால் அந்த ஃபீடர் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி, கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து போகிறதே, அதில் எந்த இடத்தில் மரக்கிளை விழுந்தது, எந்தக் கம்பத்தில் இன்சுலேட்டர் வெடித்தது என்று யாருக்கும் தெரியாது. யார் யார் போன் செய்கிறார்கள், அவர்கள் வீடு எங்கே என்று குறித்துவைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டும். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, டார்ச் அடித்தபடி, கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். மழையிலும் இரவிலும் அந்த வேலையைச் செய்த லைன்மேன்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். எத்தனை முறை எழுதினாலும் தகும்.

தாமஸ் எடிசன் 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்ததிலிருந்து நூறாண்டுக்கு மேல் விநியோகக் கம்பி இப்படித்தான் இருந்தது. உடம்பு இருந்தது, நரம்பு இல்லை. நரம்பை முழுதாகப் பொருத்திக்கொண்ட முதல் ஊர்களில் ஒன்று சட்டனூகா. டென்னசி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி, டென்னசி ஆறு மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து போகும் இடத்தில் இருக்கிறது. 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,67,000 சொச்சம். நம் கும்பகோணத்தைவிடச் சற்றே பெரிய ஊர். இவ்வளவு சிறிய ஊர் எப்படி முந்திக்கொண்டது என்று கேட்டால், விடையைத் தேடி 1935க்குப் போக வேண்டியிருக்கிறது.

*

1933இல் பிராங்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டு உருவாக்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை, டி.வி.ஏ.வை, வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் பிறந்தது அதைப் பார்த்துத்தான். ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுத்து, அதை மொத்த விலைக்கு ஊர்களுக்குத் தருவது டி.வி.ஏ.யின் வேலை. வாங்கி வீடுகளுக்கு விநியோகிப்பது யார்? அதுவரை சட்டனூகாவில் கம்பமும் கம்பியும் தனியார் நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தன. ஊர்மக்கள் 1935இல் வாக்களித்து, நகரத்துக்குச் சொந்தமான ஒரு மின்சக்தி வாரியத்தை அமைத்துக்கொண்டார்கள். எலெக்ட்ரிக் பவர் போர்டு, சுருக்கமாக இ.பி.பி. நமக்குப் பழகிய வாய்க்கு வாரியம் என்று சொல்வதே எளிது.

தனியார் தரப்பு எளிதில் விடவில்லை. டி.வி.ஏ. என்ற அமைப்பே அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்கு போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கு 1939 ஜனவரியில் தோற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனியார் நிறுவனத்தின் சொத்துகளை டி.வி.ஏ.யும் ஊர்களும் சேர்ந்து 7.8 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கின. அந்தக் காசோலையைத் தனியார் தரப்பில் கைநீட்டி வாங்கிக்கொண்டவர் வெண்டெல் வில்க்கி. அடுத்த ஆண்டே ரூஸ்வெல்ட்டை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்று தோற்ற அதே வில்க்கிதான். 1940 செப்டம்பர் 2ஆம் தேதி சட்டனூகாவுக்கு மேலே இருக்கும் சிக்கமாகா அணையை ரூஸ்வெல்ட் நேரில் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

மலிவான மின்சாரம் ஆலைகளை இழுத்தது. ஏற்கெனவே இரும்பு வார்ப்பட ஊர். சுற்றிலும் மலை இருப்பதால் புகை மேலே போகாமல் ஊருக்குள்ளேயே தேங்கும். பட்டப்பகலில் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டிய ஊர் என்று அந்தத் தலைமுறையினர் சொல்வார்கள். 1969இல், அமெரிக்காவிலேயே காற்று மிக அழுக்கான நகரம் சட்டனூகா என்று தொலைக்காட்சிச் செய்தியில் வால்டர் கிராங்கைட் சொல்ல, நாடே கேட்டது. பிறகு ஆலைகள் மூடின. வேலை போயிற்று. ஊர் தன்னை மீட்டெடுக்க ஆற்றங்கரையைச் சீர்செய்தது. 1992இல் பெரிய மீன்காட்சியகம் திறந்தது. இவை எல்லாம் நம் கதைக்குப் பின்னணி. விழுந்து எழுந்த ஊர் அது, எதையும் பொறுத்திருந்து பெற முடியாது என்று கற்றுக்கொண்ட ஊர் என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

*

வாரியத்தில் 1971இல் வேலைக்குச் சேர்ந்தவர் ஹாரல்ட் டிபிரீஸ்ட். 1996இல் அதன் தலைவரானார். அவர் காலத்தில்தான் வாரியம் ஒரு கணக்கை வேறு விதமாகப் போடத் தொடங்கியது. இந்த அத்தியாயத்தின் உயிரே அந்தக் கணக்குதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓர் ஊரில் ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விநியோக நிறுவனத்துக்கு என்ன நட்டம்? அந்த ஒரு மணி நேரத்தில் விற்காமல் போன யூனிட்டுகளின் காசு. அதிலும் கொள்முதல் செலவு மிச்சமாகிவிடும். ஆக, கணக்குப் புத்தகத்தில் அது மிகச் சிறிய தொகை. ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் ஒரு வார்ப்பட ஆலையில் உருக்கிய உலோகம் உறைந்துபோகலாம். ஒரு கணினி மையம் நின்றுபோகலாம். உணவு விடுதியின் குளிர்சாதனத்தில் இருந்தது கெட்டுப்போகலாம். வீட்டில் சுவாசக் கருவியோடு இருக்கும் முதியவரின் நிலையைத் தொகையாகச் சொல்லவே முடியாது. இந்த நட்டம் எதுவும் மின் நிறுவனத்தின் புத்தகத்தில் ஏறாது. ஏறாத நட்டத்தைக் குறைக்க, லாபம் பார்க்க வேண்டிய ஒரு நிறுவனம் ஏன் கோடிக்கணக்கில் செலவிடும்?

சட்டனூகா வாரியத்துக்குப் பங்குதாரர்கள் கிடையாது. ஊர்தான் முதலாளி, ஊர்தான் வாடிக்கையாளர். எனவே அது ஊரின் நட்டத்தைத் தன் நட்டமாக எழுதிப் பார்த்தது. மின்தடைகளால் ஊருக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு சுமார் 10 கோடி டாலர் என்று அதன் மதிப்பீடு வந்தது. அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அதுவரை வீண் ஆடம்பரமாகத் தெரிந்த திட்டம் செய்தே தீர வேண்டியதாகத் தெரிந்தது. 1935இல் வாக்குச்சீட்டில் போட்ட முத்திரை எழுபது ஆண்டு கழித்துப் பலன் தந்த இடம் இது என்பது என் உறுதியான எண்ணம்.

திட்டம் இதுதான்: வாரியம் மின்சாரம் தரும் 600 சதுர மைல் பரப்பு முழுவதும், ஏறத்தாழ 1,70,000 இணைப்புகளின் வாசல்வரை, கண்ணாடி இழைக் கேபிள் போடுவது. துணைமின்நிலையங்களை இணைக்க 1990களிலேயே கொஞ்சம் இழை போட்டிருந்தார்கள். இப்போது கம்பம் கம்பமாகப் போக வேண்டும். செலவை எப்படி ஈடுகட்டுவது? அதே இழையில் இணையமும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் வீடுகளுக்கு விற்று.

மீண்டும் வழக்கு வந்தது. 1930களில் மின்சாரத்துக்காக நடந்த சண்டை, 2007லும் 2008லும் இணையத்துக்காக நடந்தது. கேபிள் நிறுவனங்களின் மாநிலச் சங்கமும் காம்காஸ்ட் நிறுவனமும், மின்நுகர்வோர் பணத்தைக் கொண்டு தொலைத்தொடர்புத் தொழில் நடத்துவது முறையல்ல என்று நீதிமன்றம் போயின. அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. மின்கட்டணம் கட்டும் ஏழை வீட்டின் காசில் பணக்கார வீட்டுக்கு வேக இணையம் போகக்கூடாதுதான். டென்னசி சட்டமும் அப்படி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மானியம் போவதைத் தடுத்திருந்தது. தொலைத்தொடர்புப் பிரிவுக்குத் தனிக் கணக்கு, இழையைப் பயன்படுத்துவதற்கு அது மின்பிரிவுக்குத் தர வேண்டிய வாடகை என்று வாரியம் பிரித்துக்காட்டியது. வழக்குகள் தள்ளுபடியாயின. 2008இல் சுமார் 22 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள்.

அது உலகப் பொருளாதாரம் இடிந்து விழுந்த ஆண்டு. அந்த வீழ்ச்சியே இவர்களுக்குக் கைகொடுத்தது. பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த 2009 பிப்ரவரியில் வந்த சட்டத்தில், மின்கட்டமைப்பை நவீனமாக்கவும் நிதி ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த அக்டோபரில் அதிபர் ஒபாமா புளோரிடாவில் ஒரு சூரியமின் நிலையத்தில் நின்றுகொண்டு, 340 கோடி டாலரை நூறு திட்டங்களுக்குப் பகிர்ந்து அறிவித்தார். அதில் சட்டனூகாவின் பங்கு 11 கோடி டாலருக்கும் மேல். மண்வெட்டியோடு தயாராக நின்றவர்களுக்கே அந்தப் பணம் பயன்பட்டது. பத்தாண்டு என்று போட்டிருந்த வேலையை மூன்றாண்டளவில் முடிக்கத் துணிந்தார்கள்.

*

இப்போது கம்பத்தில் ஏறிப் பார்ப்போம்.

வாரியம் தன் கம்பிகளில் சுமார் 1,200 தானியங்கி சுவிட்சுகளைப் பொருத்தியது. சிகாகோவின் எஸ் அண்டு சி எலெக்ட்ரிக் நிறுவனம் செய்தவை. இணைப்புகளின் எண்ணிக்கையை வகுத்துப் பார்த்தால், சராசரியாக 140 இணைப்புகளுக்கு ஒன்று வருகிறது. ஒரு ஃபீடர் இனி ஒரே நீளக் கயிறு அல்ல. கணு கணுவாகப் பிரிந்த மூங்கில். ஒரு கணுவில் அடிபட்டால் அதன் இருபுறச் சுவிட்சுகளும் திறந்துகொண்டு அந்தத் துண்டைத் தனிமைப்படுத்தும். அடிபட்ட இடத்துக்கு முன்னால் இருப்பவர்களுக்குப் பழைய வழியிலேயே மின்சாரம் வரும். பின்னால் இருப்பவர்களுக்கு வேறொரு ஃபீடரிலிருந்து வழி திறக்கும். திறப்பதற்கு முன், அந்த இன்னொரு ஃபீடரால் கூடுதல் சுமையைத் தாங்க முடியுமா என்று சுவிட்சுகள் தங்களுக்குள்ளேயே கண்ணாடி இழை வழியாகக் கேட்டுக்கொள்ளும். கட்டுப்பாட்டு அறையின் உத்தரவுக்குக் காத்திருக்காது. மனிதன் தொலைபேசியைக் கையில் எடுப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

இந்தச் சுவிட்சில் எனக்கு மிகப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. விநியோகக் கம்பியில் வரும் பழுதுகள் பலவும் தற்காலிகமானவை. காற்றில் கிளை உரசும், விலகும். அணில் விழும், கருகிக் கீழே போகும். அதனால் பழைய ரீக்ளோசர் கருவி, பழுது வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, சில நொடி பொறுத்து மீண்டும் கொடுத்துப் பார்க்கும். பழுது போகவில்லையென்றால்? முழு வேகத்தில் மறுபடியும் பழுதுக்குள் மின்சாரம் பாயும். கம்பி துடிக்கும், டிரான்ஸ்ஃபார்மர் அதிரும், பக்கத்து ஃபீடர்களில்கூட விளக்குகள் மங்கி எரியும். மறுபடி நிறுத்தும், மறுபடி கொடுக்கும். புதிய சுவிட்ச் அப்படிச் செய்வதில்லை. நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் மட்டும், ஒரு மெல்லிய துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிறது. பழுது இன்னும் இருக்கிறதென்றால் கதவைத் திறப்பதே இல்லை. இருட்டில் கிடப்பது கயிறா பாம்பா என்று காலால் மிதித்துப் பார்த்தது பழைய முறை. குச்சி நுனியால் தொட்டுப் பார்ப்பது இது.

வீட்டு வாசலில் ஸ்மார்ட் மீட்டர். முன்பு மாதம் ஒரு முறை ஆள் வந்து எழுதிப்போன ரீடிங்கை இது 15 நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்புகிறது. ஒரு மீட்டருக்கு நாளைக்கு 96 அளவுகள். 1,70,000 மீட்டருக்கு நாளைக்கு 1 கோடியே 63 லட்சம். பழைய முறையில் எட்டு ஆண்டில் சேரும் அளவுகள் இப்போது ஒரே நாளில் வந்து சேர்கின்றன. எந்த டிரான்ஸ்ஃபார்மர் தாங்க முடியாமல் தவிக்கிறது, எந்தத் தெருவின் கடைசி வீட்டில் வோல்டேஜ் குறைகிறது என்பதெல்லாம் புகார் வருமுன்பே தெரியும். ஃபீடரின் கடைசி வீட்டு வோல்டேஜ் தெரிந்துவிட்டால் இன்னொரு காரியமும் செய்யலாம். டி.வி.ஏ.யிடம் வாங்கும் மின்சாரம் விலை ஏறும் உச்ச நேரத்தில், யாருக்கும் குறை வராத அளவு வோல்டேஜைச் சற்றே இறக்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம். வாரியம் அதையும் செய்தது.

*

சோதனை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. 2011 ஏப்ரல் 27. அமெரிக்கத் தெற்கு முழுவதையும் சூறாவளிச் சுழல்கள் கிழித்துப் போட்ட நாள். சட்டனூகா வட்டாரத்திலும் இறங்கின. சுவிட்சுகள் அப்போது பாதி வேலையில் நின்றன. வாரியத்தின் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். கம்பமே முறிந்து கிடக்கும் இடத்தில் எந்த அறிவும் பயன்படாது. மனிதர்கள்தான் ஏற வேண்டும். வாரியத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய சேதம் அது.

அடுத்த ஆண்டு 2012 ஜூலை 5இல் வேகக் காற்றும் இடியுமாக ஒரு புயல். இம்முறை சுவிட்சுகள் பெரும்பாலும் அவற்றின் இடத்தில் இருந்தன. பழைய கட்டமைப்பாக இருந்தால் ஏறக்குறைய 80,000 இணைப்புகள் இருண்டிருக்கும். அவற்றில் சுமார் பாதிப் பேருக்கு, மின்சாரம் போகவே இல்லை, அல்லது 2 விநாடிக்குள் திரும்பிவிட்டது. அவர்களில் பலருக்குத் தங்கள் தெருவில் ஏதோ நடந்தது என்பதே தெரிந்திருக்காது. மீதிப் பாதிக்கும், சேதம் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்ததால் லைன்மேன்கள் நேராக அந்த இடத்துக்கே போனார்கள். தேடி அலையும் பயணங்கள் குறைந்தன. முழு ஊருக்கும் மின்சாரம் திரும்புவது பல மணி நேரம் முன்னதாக நடந்தது. அந்த ஒரு புயலில் மட்டும் 14 லட்சம் டாலர் மிச்சம். ஜூலை மாத வெப்பத்தில் அத்தனை மணி நேரம் என்பது ஒரு நோயாளிக்கும் ஒரு கைக்குழந்தைக்கும் எவ்வளவு பெரிது என்பதை, கோடையில் மின்விசிறி நின்ற இரவுகளைக் கண்ட எவரும் அறிவார்.

இணையத்தின் கதையைப் பலரும் எழுதிவிட்டதால் விரைவாகச் சொல்கிறேன். நரம்புக்காகப் போட்ட இழையில் இடம் ஏராளமாக மிஞ்சியது. 2010 செப்டம்பரில், நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில், தன் எல்லைக்குள் இருக்கும் எந்த வீட்டுக்கும் இணையம் தருவதாக வாரியம் அறிவித்தது. மாதம் 350 டாலர். மூன்றாண்டில் அதையே 70 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். பெருநகரங்கள் திரும்பிப் பார்த்தன. பக்கத்துக் கிராமங்கள் எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டன. ஆனால் மின்எல்லையைத் தாண்டி இணையம் தர மாநிலச் சட்டம் விடவில்லை. 2015இல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்கியது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உலகின் வேகமான இணையம், அந்தப் பக்கம் தவழும் இணைப்பு. கம்பம் ஒன்று தள்ளி வசிப்பதால் ஒரு குடும்பம் இதை இழப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

டிபிரீஸ்ட் 2016இல் ஓய்வுபெற்றார். டேவிட் வேட் அவர் இடத்துக்கு வந்தார். டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் பென்டோ லோபோ, இந்தக் கட்டமைப்பின் முதல் பத்தாண்டில் ஊருக்குக் கிடைத்த பயனைச் சுமார் 269 கோடி டாலர் என்று 2020இல் கணக்கிட்டார். இத்தகைய மதிப்பீடுகளில் ஊகங்கள் கலந்தே இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். மின்தடை நேரம் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது என்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் இரவு. கொரோனாவுக்காக ஊரே கதவடைத்து வீட்டுக்குள் இருந்தது. மறுபடியும் ஒரு சூறாவளிச் சுழல் கிழக்குப் புறநகரை அறுத்துக்கொண்டு போனது. கம்பங்கள் நூற்றுக்கணக்கில் சாய்ந்தன. சாயாத இடங்களில் சுவிட்சுகள் தம் வேலையைச் செய்தன; சாய்ந்த இடங்களுக்கு லைன்மேன்கள் முகக்கவசத்தோடு போனார்கள். அந்த ஜூலையில், பள்ளிக்கூடம் திரைக்குள் போய்விட்ட நாளில், வாரியமும் மாவட்டப் பள்ளிகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. வறுமையில் இருக்கும் சுமார் 28,000 மாணவர்களின் வீடுகளுக்குப் பத்தாண்டுக்கு வேக இணையம், கட்டணம் இல்லாமல். மரக்கிளை விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் போட்ட அதே இழையில்தான் அந்தக் குழந்தைகள் பாடம் கேட்டார்கள்.

(தொடரும்)

அடுத்த இதழில்: 3 கோடி மீட்டர்களை ஐந்தாறு ஆண்டில் மாற்றிய இத்தாலி.